விண்டோஸ் 8-இன் புதிய முகம்தான் கணினி விற்பனையைச் சாய்த்ததா?

வைகைக்கரை (தொடக்கப் பதிவு)

விண்டோஸ் 11-இன் பணிப்பட்டையைத் திரையின் பக்கவாட்டுக்கு நகர்த்த முடியவில்லை என்ற வேறொரு வாதத்தின் நடுவே, "தோற்றம் பிடிக்கவில்லை என்பதற்காக எவரும் கணினி வாங்காமல் இருந்ததில்லை" என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கேயே மறுத்தால் பேச்சு திசைமாறும் என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

2013 ஏப்ரல் 10 அன்று, கணினிச் சந்தையைக் கணக்கெடுக்கும் ஐடிசி நிறுவனம் வெளியிட்ட காலாண்டுக் கணக்கின்படி, அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் உலகெங்கும் சந்தைக்கு அனுப்பப்பட்ட கணினிகள் 7 கோடியே 63 லட்சம். முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட இது 13.9 விழுக்காடு குறைவு. 1994இல் அந்நிறுவனம் காலாண்டுக் கணக்கெடுப்பைத் தொடங்கியதிலிருந்து அதுவரை அவ்வளவு பெரிய வீழ்ச்சி பதிவானதில்லை. சொற்களை அளந்தே பேசும் அத்தகைய அறிக்கை, விண்டோஸ் 8 சந்தைக்கு ஊக்கம் தரவில்லை என்பதோடு நில்லாமல், சந்தையை அது மந்தப்படுத்தியதாகவே தோன்றுகிறது என்று பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டியது.

அப்போது பள்ளியில் இருந்தவர்களுக்காக, நடந்த மாற்றம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1995 முதல் பதினேழு ஆண்டுகளாகத் திரையின் இடது கீழ் மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தான், 2012 அக்டோபர் 26 அன்று வெளியான பதிப்பில் இல்லை. கணினியைத் திறந்தால் டெஸ்க்டாப் வராது. வண்ணக் கட்டங்கள் நிறைந்த, தொடுதிரைக்கென்றே வரைந்த ஒரு முழுத்திரை வரும். கணினியை அணைக்க வேண்டுமானால் வலது மூலைக்குச் சுட்டியைக் கொண்டுபோய், அங்கே வெளிப்படும் பட்டையில் அமைப்புகளைத் திறந்து, அதனுள் மின் பொத்தானைத் தேட வேண்டும். தொடுதிரையே இல்லாத கணினிகளில்தான் பெரும்பாலோர் இதைப் பயன்படுத்தினார்கள். விண்டோஸ் பிரிவின் தலைவரான ஸ்டீவன் சினோஃப்ஸ்கி, வெளியீடு முடிந்து மூன்று வாரங்கள்கூட ஆகாத நிலையில் மைக்ரோசாஃப்டைவிட்டு விலகினார்.

சரிவுக்கு முதன்மைக் காரணம் இந்த மாற்றமே என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சான்றோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணிக்கை (மறுமொழி 1)

வைகைக்கரை அவர்களே, நீங்கள் ஒரு காலாண்டை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதற்கு முந்தைய இரண்டையும் அருகில் வைத்தால் படம் மாறிவிடுகிறது.

2012இன் மூன்றாம் காலாண்டு செப்டம்பரில் முடிந்தது. அப்போது விண்டோஸ் 8 எந்தக் கடையிலும் இல்லை. இருந்தும் ஐடிசி கணக்குப்படி சந்தை அப்போதே 8.6 விழுக்காடு விழுந்திருந்தது. அதுபோன்ற இன்னொரு ஆய்வு நிறுவனமான கார்ட்னரின் கணக்குப்படி 8.3 விழுக்காடு. அடுத்ததாக வந்த நான்காம் காலாண்டில்தான் புதிய பதிப்பு வெளியானது. அந்தக் காலாண்டின் வீழ்ச்சி 6.4 விழுக்காடு. அதாவது, வெளியான காலாண்டில் வீழ்ச்சி சற்றுக் குறையவே செய்தது. ஏற்கெனவே சரிவில் உருண்டுகொண்டிருந்த வண்டியில் பின்னர் ஏறியவர்மீது பழியைப் போடுவது முறையாகாது.

இன்னொன்று. இந்த எண்கள் விற்பனையைக் குறிப்பவை அல்ல. ஆலையிலிருந்து மொத்த வணிகருக்கும் கடைகளுக்கும் அனுப்பப்பட்ட எண்ணிக்கைகள் அவை. கிடங்கில் பழைய சரக்கு தேங்கியிருந்தால், கடையில் விற்பனை நன்றாக நடந்தாலும் அனுப்பும் எண்ணிக்கை விழும். ஒரு காலாண்டின் எண்ணை நேரடியாக மக்களின் விருப்பு வெறுப்பாகப் படிக்கும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

வைகைக்கரை (மறுமொழி 2)

நீங்கள் எழுதிய கடைசிப் பத்தியையே அதற்கு முந்தைய பத்திக்கு எதிராக வைக்கிறேன். செப்டம்பர் காலாண்டில் அனுப்பும் எண்ணிக்கை ஏன் விழுந்தது? அக்டோபரில் புதிய பதிப்பு வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், விண்டோஸ் 7 ஏற்றிய சரக்கைத் தீர்க்கத் தயாரிப்பாளர்கள் முயன்றார்கள். கடைக்காரர்கள் புதிதாகக் கேட்கவில்லை. அப்படியானால் அந்த 8.6 விழுக்காட்டிலும் விண்டோஸ் 8-க்குப் பங்கு உண்டு. அது மக்கள் பார்த்து வெறுத்ததால் வந்ததன்று, எதிர்பார்த்துக் காத்திருந்ததால் வந்தது. டிசம்பர் காலாண்டில் கடைகளைப் புதிய சரக்கால் நிரப்பினார்கள், எனவே வீழ்ச்சி குறைந்தது. மக்கள் பண்டிகைக் காலத்தில் அதைத் தொட்டுப் பார்த்து, வீட்டில் வைத்துப் பயன்படுத்தி, அக்கம்பக்கத்தில் சொன்ன பிறகு வந்தது மார்ச் காலாண்டு. 13.9 அங்கேதான் இருக்கிறது.

மேலும் ஒப்பிடும் அடித்தளத்தையும் கவனியுங்கள். 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வந்த வெள்ளத்தால் வன்தட்டு ஆலைகள் மூழ்கி, 2012இன் தொடக்கம் வரை உலகெங்கும் தட்டுப்பாடு இருந்தது. ஆக 2012இன் முதல் காலாண்டே தட்டுப்பாட்டால் இளைத்த காலாண்டு. இளைத்ததோடு ஒப்பிட்டும் இவ்வளவு வீழ்ச்சி என்றால் அதன் கனத்தை எண்ணிப் பாருங்கள்.

தெருமுனைக் கடை (மறுமொழி 3)

சென்னை ரிச்சி தெருவில் அந்த ஆண்டுகளில் ஒரு சிறு கணினிக் கடையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன். உலகக் கணக்கோடு இதைப் பொருத்திப் பார்க்க எனக்குத் தெரியாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்களிடம் வந்தவர்களில் பாதிக்குமேல் உதிரிப் பாகங்களைத் தேர்ந்து, அவற்றைக் கணினியாகப் பொருத்தித் தரச் சொல்பவர்கள். அவர்களுக்கு இயங்குதளம் ஒரு பொருட்டே இல்லை. பலருக்கு அது காசு கொடுத்து வாங்கும் பொருள் என்பதே தெரியாது. "ஏழு போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 8 வந்தபின் அவர்களிடம் ஏற்பட்ட மாற்றம், "எட்டு வேண்டாம், ஏழு" என்று ஒரு சொல்லைக் கூடுதலாகச் சொன்னது. இவர்களில் ஒருவர்கூட அதற்காக வாங்காமல் திரும்பியதாக எனக்கு நினைவில்லை.

மடிக்கணினிக் கதை வேறு. அது புதிய பதிப்போடுதான் வரும். வாங்கிய மறுவாரமே அதைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏழுக்கு மாற்றித் தரக் கேட்டவர்கள் நிறையப் பேர். சில மாடல்களுக்கு விண்டோஸ் 7-இல் வன்பொருள்களை இயக்கும் டிரைவர் மென்பொருள்களைத் தயாரிப்பாளர் தளத்திலேயே தரவில்லை என்பதால், வைஃபை வேலை செய்தால் ஒலி வராது, ஒலி வந்தால் திரை வெளிச்சம் குறையாது என்று நாள் முழுக்கப் போராடியிருக்கிறோம். ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இரண்டு நாள்களாகக் கணினியை அணைக்க வழி தெரியாமல் மின்கலம் தீரும்வரை காத்திருந்ததாகச் சொன்னார். சிரிப்பாக இருந்தாலும், அவர் முகத்தில் இருந்தது அவமானம். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவருக்கு ஒரு பொத்தானைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

2013 ஆகஸ்டில் டாலருக்கு ரூபாய் 68-ஐத் தாண்டியபோது எங்கள் கடையில் விழுந்த விற்பனைக்கு முன்னால் விண்டோஸ் 8 தந்த நட்டம் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் ஓடுகிற கணினியை வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம்" என்று முடிவெடுத்தவர் எங்கள் கடைக்கே வந்திருக்க மாட்டார். அவர்கள் எத்தனை பேர் என்று என் போன்றவனிடம் கேட்டுப் பயனில்லை.

பழைய விசைப்பலகை (மறுமொழி 4)

நான் அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். இந்த விவாதத்தில் அலுவலகங்களின் பக்கத்தை எவரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அலுவலகம் வாங்கும் கணினியில் எந்தப் பதிப்பு வருகிறது என்பது அலுவலகத்துக்கு முக்கியமே அன்று. மொத்த உரிமம் எடுத்த நிறுவனம், பழைய பதிப்பை நிறுவிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே பெறுகிறது. பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, நாங்கள் முன்பே அமைத்து வைத்த விண்டோஸ் 7 நகலை ஏற்றுவோம். ஊழியர்கள் புதிய முகத்தைப் பார்த்ததே இல்லை. 2014 ஏப்ரலில் பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடியப்போகிறது என்ற நெருக்கடி வேறு இருந்ததால், 2013இல் நாங்கள் வழக்கத்தைவிட அதிகமாகவே வாங்கினோம்.

அந்த முதல் காலாண்டைப் பற்றிய கார்ட்னர் அறிக்கையும் இதையே சொன்னது. மொத்த அனுப்புதலில் ஏறத்தாழப் பாதியாக இருந்த தொழில்முறைக் கணினிப் பிரிவு வளர்ந்தது. விழுந்தது வீட்டுப் பயன்பாட்டுப் பிரிவு. புதிய முகத்தைத் தவிர்க்க முடிந்தவர்கள் வாங்கினார்கள், தவிர்க்க முடியாதவர்கள் வாங்கவில்லை என்று இதைப் படிக்கலாம். நான் வைகைக்கரை பக்கம் சாய்வது இதனால்தான்.

எண்ணிக்கை (மறுமொழி 5)

ஐயா, அப்படிப் படிக்கலாம்; வேறு மாதிரியும் படிக்கலாம் என்பதுதான் சிக்கல். கையில் டேப்லட்டை வாங்கிக்கொண்டு கணினியை மறந்தவர்களும் அதே வீட்டுப் பயனர்கள்தாம். அலுவலகக் கணக்காளர் ஐபேடுக்கு மாறவில்லை, வீட்டில் படம் பார்ப்பவரும் மின்னஞ்சல் படிப்பவரும் மாறினார்கள். புதிய முகமும் டேப்லட்டும் ஒரே கூட்டத்தை ஒரே நேரத்தில் தாக்கியிருக்கும்போது, அடி யாருடையது என்று இந்தப் பிரிவினையை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. 2012இல் 14 கோடியே 42 லட்சமாக இருந்த டேப்லட் அனுப்புதல் 2013இல் 21 கோடியே 71 லட்சமானது. ஒரே ஆண்டில் ஏழு கோடிக்குமேல் கூடியது. அதே ஆண்டில் கணினி இழந்தது மூன்றரைக் கோடியளவு.

எனக்கு இதைவிட வலுவாகத் தோன்றும் சான்றுகள் இரண்டு உண்டு.

ஒன்று ஆப்பிள். மேக் கணினியில் விண்டோஸ் 8-இன் கட்டங்கள் கிடையா. விண்டோஸை வெறுத்தவர்கள் சாரிசாரியாக அங்கே போயிருந்தால் 2012 டிசம்பர் காலாண்டில் மேக் விற்பனை ஏறியிருக்க வேண்டும். நடந்ததோ, முந்தைய ஆண்டு 52 லட்சமாக இருந்தது 41 லட்சமாகக் குறைந்தது. புதிய ஐமேக் போதிய அளவில் கிடைக்காததும், அந்தக் காலாண்டில் ஒரு வாரம் குறைவாக இருந்ததும் அதற்குக் காரணங்கள் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அடுத்த காலாண்டிலும் மேக் வளரவில்லை. வெறுத்தவர்கள் வேறு கணினிக்குப் போகவில்லை, அல்லது வெறுத்ததற்காக எங்கும் போகவில்லை.

இரண்டாவது, அதே 13.9 விழுக்காட்டின் உள்ளே இருக்கும் வேறுபாடு. அந்தக் காலாண்டில் எச்பி 23.7 விழுக்காடும் ஏசர் 31.3 விழுக்காடும் விழுந்தன, டெல் 10.9 விழுக்காடு. லெனோவோ விழவே இல்லை, முந்தைய ஆண்டின் அளவிலேயே நின்றது. நான்கு பேரும் விற்றது ஒரே விண்டோஸ் 8-ஐத்தான். முகம்தான் காரணம் என்றால் அடி ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்திருக்க வேண்டாமா? ஏசர் அளவுக்கு மீறி நம்பியிருந்தது மலிவு விலைச் சிறு மடிக்கணினிகளான நெட்புக்குகளை. டேப்லட் முதலில் கொன்றது அவற்றைத்தான். எச்பி 2011இல் கணினிப் பிரிவையே விற்றுவிடலாமா என்று பகிரங்கமாக யோசித்துப் பின்வாங்கிய நிறுவனம். இவர்களின் வீழ்ச்சிக்கு ஸ்டார்ட் பொத்தானைத் தேட வேண்டியதில்லை.

கீழைக்காற்று (மறுமொழி 6)

தெருமுனைக் கடை அண்ணன் எழுதிய தலைமையாசிரியர் கதையைப் படித்துவிட்டு என் அப்பாவிடம் காட்டினேன். அவர், "அணைக்காமலே மூடி வைத்தால் போதும் என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்றார். எங்கள் வீட்டில் அந்தக் கணினி 2019 வரை இருந்தது.

வைகைக்கரை (மறுமொழி 7)

எண்ணிக்கை அவர்களின் லெனோவோ வாதத்துக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே மழையில் ஓட்டு வீடு ஒழுகும், மாடி வீடு ஒழுகாது. அதனால் மழையே பெய்யவில்லை என்று ஆகிவிடாது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் வரலாற்றிலிருந்து எனக்கு எதிராக நீங்கள் வைக்கக்கூடிய, ஏனோ இன்னும் வைக்காத ஒரு சான்றை நானே எடுத்துவைக்கிறேன், ஏனெனில் அதைப் பற்றி யோசித்தபோதுதான் என் நிலைப்பாடு எனக்கே சற்றுத் தெளிவானது. விண்டோஸ் விஸ்டா 2007 ஜனவரி 30 அன்று பொதுமக்களுக்கு வெளியானது. அது வாங்கிய ஏச்சு விண்டோஸ் 8 வாங்கியதற்குச் சற்றும் குறைந்ததன்று. அச்சுப்பொறி வேலை செய்யவில்லை, கோப்பை நகலெடுக்க அரைநாள் ஆகிறது, எதைத் தொட்டாலும் அனுமதி கேட்கிறது என்று உலகமே புலம்பியது. அதை இயக்கும் வலுவற்ற கணினிகளிலும் விஸ்டாவுக்கு ஏற்றது என்ற ஒட்டுச்சீட்டை ஒட்டியதற்காக அமெரிக்காவில் வழக்குகூட நடந்தது. இருந்தும் 2007இல் உலகக் கணினிச் சந்தை இரட்டை இலக்க விழுக்காட்டில் வளர்ந்தது.

ஆகவே வெறுப்பு மட்டுமே விற்பனையைக் குறைப்பதில்லை. 2007இல் விஸ்டாவை வெறுத்தவருக்கு வேறு போக்கிடம் இல்லை. ஐபேட் 2010இல்தான் வந்தது. திறன்பேசி பெரும்பாலோர் கைக்கு எட்டவில்லை. எக்ஸ்பி காலத்துப் பழைய கணினியோ புதிய மென்பொருள்களின் முன் மூச்சு வாங்கியது. திட்டிக்கொண்டே வாங்கினார்கள். 2013இல் வெறுத்தவருக்குப் போக்கிடம் இருந்தது. டேப்லட்டையும் புதிய முகத்தையும் எதிரெதிர்க் காரணங்களாக எண்ணிக்கை நிறுத்துகிறார். என் பார்வையில் அவை இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன. கதவு திறந்திருந்தது டேப்லட்டால். வாசல்வரை வந்து தயங்கி நின்றவரை வெளியே தள்ளியது புதிய முகம்.

கீழைக்காற்று (மறுமொழி 8)

முந்தைய மறுமொழியை விளையாட்டாக எழுதிவிட்டேன். இப்போது பொருளுக்கு வருகிறேன்.

இரண்டு தரப்பும் முகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கோ முகத்துக்குப் பின்னால் இருந்ததுதான் விற்பனையைப் பாதித்ததாகத் தோன்றுகிறது, அதுவும் நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறான வழியில். விண்டோஸ் 95-இலிருந்து விஸ்டா வரை ஒவ்வொரு புதிய பதிப்பும் முந்தையதைவிடக் கூடுதல் நினைவகத்தையும் வேகத்தையும் கேட்டது. பதிப்பு மாறினால் பெட்டியும் மாற வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். கணினித் தயாரிப்பாளர்கள் புதிய பதிப்பை ஆவலோடு எதிர்பார்த்ததே அதனால்தான். விண்டோஸ் 8 கேட்ட குறைந்தபட்சத் தேவையோ விண்டோஸ் 7 கேட்டதேதான்: ஒரு கிகாஹெர்ட்ஸ் செயலி, 32 பிட் பதிப்புக்கு ஒரு ஜிபி நினைவகம். 2009இல் வாங்கிய கணினியில் அது விண்டோஸ் 7-ஐவிட விரைவாகவே திறந்தது. இதற்குமேல், 2013 ஜனவரி 31 வரை மேம்படுத்தும் உரிமத்தை 39.99 டாலருக்கு இணையத்திலேயே விற்றார்கள். புதிய முகம் பிடித்தவருக்கும் புதிய கணினி தேவைப்படவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். பிடித்தவர் நாற்பது டாலரோடு நின்றுவிட்டார், பிடிக்காதவர் எதுவும் செய்யாமல் நின்றுவிட்டார்.

இதைச் சோதிக்க நல்ல ஒரு வாய்ப்பும் அமைந்தது. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தது. ஸ்டார்ட் பட்டியல் திரும்பி வந்துவிட்டது, பொதுவாக எல்லோரும் பாராட்டினார்கள். முகம்தான் நோய் என்றால் இதுதான் மருந்து. ஆனால் ஐடிசி கணக்கில் 2015இன் வீழ்ச்சி 10.4 விழுக்காடு, அனுப்பியது 27 கோடியே 62 லட்சம். விண்டோஸ் 8 கோலோச்சிய 2013இன் வீழ்ச்சியோ 10 விழுக்காடு. பிடித்த பதிப்பும் பிடிக்காத பதிப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்திருக்கின்றன. விண்டோஸ் 10-ஐப் பழைய கணினிகளுக்கு ஓராண்டு இலவசமாகவே கொடுத்தார்கள் என்பதை நினைவில் கொண்டால், என் வாதத்துக்கு அது இன்னொரு சான்று.

எண்ணிக்கை ஐயாவுக்கும் ஒரு கேள்வி. அதே 2015இல் டேப்லட்டும் பத்து விழுக்காடு விழுந்ததே. டேப்லட்தான் கணினியைத் தின்றது என்றால், அந்த ஆண்டு இரண்டையும் தின்றது எது?

எண்ணிக்கை (மறுமொழி 9)

நல்ல கேள்வி. பெரிய திரை கொண்ட திறன்பேசிகள் என்று உடனே சொல்லத் தோன்றுகிறது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் மாற்றுக் காலச் சுழற்சிதான் அடிப்படை என்று இப்போது நானும் நினைக்கிறேன். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிய பொருளை ஐந்து ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றத் தொடங்கினால், யாரும் கணினியைக் கைவிடாமலே ஆண்டு விற்பனை பெருமளவு குறைந்துவிடும். பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தினாலே ஐந்து வயதுக் கணினி புதிது போல ஓடியது.

ஒரு சிறு திருத்தமும் தேவை. 2013 மே மாதம் மைக்ரோசாஃப்ட் பத்துக் கோடி உரிமங்களை விற்றுவிட்டதாக அறிவித்ததை விண்டோஸ் 8-இன் வெற்றிக்குச் சான்றாகச் சிலர் இன்னும் காட்டுகிறார்கள். அது கணினித் தயாரிப்பாளர்களுக்கு விற்ற உரிமங்களையும் சேர்த்த எண். கிடங்கில் கிடந்த மடிக்கணினியும் அதில் அடக்கம். நமது பழைய விசைப்பலகை ஐயா அழித்துவிட்டு விண்டோஸ் 7-ஐ ஏற்றிய கணினிகளுக்கு நிகரானவையும் அடக்கம். அதுபோல, ஐடிசி தன் கணினிக் கணக்கில் கழற்றக்கூடிய விசைப்பலகை கொண்ட டேப்லட்களைச் சேர்க்கவில்லை. எனவே புதிய முகத்துக்கென்றே உருவான மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் டேப்லட் போன்றவை அந்த 7 கோடியே 63 லட்சத்தில் இல்லை. அவற்றைச் சேர்த்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்பது வேறு. சர்ஃபேஸ் ஆர்டி சரக்கின் மதிப்பிழப்புக்காக மட்டும் 2013 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளியது.

தெருமுனைக் கடை (மறுமொழி 10)

அரசுக் கொள்முதலையும் நினைவில் வைக்க வேண்டும். 2011 முதல் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு எல்காட் என்ற அரசு நிறுவனம் வழியாக இலவச மடிக்கணினி வழங்கப்பட்டது. 2013 மார்ச்சில் உத்தரப் பிரதேசமும் தொடங்கியது. அவை ஒப்பந்தப்புள்ளி கோரி இலட்சக்கணக்கில் வாங்கப்பட்டவை. அந்தக் கணினிகளின் முகத்தை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை, ஆனாலும் அவை இந்தியக் கணக்கை உயர்த்தின. எங்களைப் போன்ற சிறு கடைகளுக்கு அதனால் ஏற்பட்ட விளைவு வேறு: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மடிக்கணினி வாங்க வரும் பெற்றோர் கூட்டம் குறைந்தது. இந்த ஊரில் விற்பனை குறைந்ததற்கு அமெரிக்காவில் வடிவமைத்த திரையை மட்டும் காரணம் சொன்னால் என் பழைய முதலாளி சிரிப்பார்.

பழைய விசைப்பலகை (மறுமொழி 11)

கடைசியாக ஒன்று. மக்கள் மனத்தை எண்களில் படிப்பது கடினமென்றால், கணினி விற்றே பிழைப்பவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். லெனோவோ 2013இல் தன் கணினிகளில் போக்கி என்ற மாற்று ஸ்டார்ட் பட்டியலை நிறுவி அனுப்பத் தொடங்கியது. 2014 ஜனவரியில் எச்பி தன் அமெரிக்கத் தளத்தில், மக்கள் விருப்பத்துக்கிணங்க மீண்டும் வந்துவிட்டது என்று விளம்பரம் செய்து விண்டோஸ் 7 கணினிகளை முன்னிறுத்தியது. இழந்த பொத்தானைத் திரும்பத் தரும் ஸ்டார்ட்8 என்ற சிறு மென்பொருளை மக்கள் ஐந்து டாலர் கொடுத்து வாங்கினார்கள். மைக்ரோசாஃப்டே 2013 அக்டோபர் 17 அன்று 8.1 பதிப்பில் பொத்தானைத் திருப்பித் தந்தது, அதை அழுத்தினால் மீண்டும் அதே கட்டத் திரைக்குத்தான் போகும் என்றாலும். முகத்தால் வணிகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று இவர்கள் நினைத்திருந்தால் இத்தனை வேலை செய்திருப்பார்களா?

எண்ணிக்கை (மறுமொழி 12)

செய்திருக்க மாட்டார்கள் என்பதை ஏற்கிறேன். ஆனால் குறை இருந்தது என்பதும், அது எவ்வளவு என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவதற்கு ஒரு தோராயக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இதை அளவீடு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விண்டோஸ் 8 வருவதற்கு முந்தைய காலாண்டின் வீழ்ச்சியை, அது வராமலே இருந்திருந்தாலும் தொடர்ந்திருக்கக்கூடிய வேகம் என்று வைத்துக்கொள்வோம். ஐடிசி கணக்கில் 8.6-க்கும் 13.9-க்கும் இடையே 5.3 புள்ளி வேறுபாடு. 2012 முதல் காலாண்டின் அளவு ஏறத்தாழ 8 கோடியே 86 லட்சம் என்று வருவதால், அந்த வேறுபாடு சுமார் 47 லட்சம் கணினிகள். கார்ட்னர் கணக்கில் 8.3-க்கும் 11.2-க்கும் இடையே 2.9 புள்ளிதான், அது சுமார் 26 லட்சம். ஆக, கூடுதலாக விழுந்தது முழுவதையும் புதிய முகத்தின் தலையிலேயே கட்டினாலும், அந்தக் காலாண்டில் அது 26 முதல் 47 லட்சத்துக்குள் நிற்கிறது. அதே காலாண்டின் மொத்த வீழ்ச்சியோ ஒரு கோடிக்குமேல். கார்ட்னர் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குக்குமேலும், ஐடிசி கணக்கில் பாதிக்குமேலும் வேறு காரணங்களுக்கு உரியது.

செப்டம்பர் காலாண்டு ஏற்கெனவே சரக்குத் தீர்ப்பால் விழுந்திருந்தது என்ற வைகைக்கரையின் மறுப்பு இந்தக் கணக்கை அவர் பக்கம் நகர்த்தும். தொடுதிரை மடிக்கணினிகள் விலை கூடுதலாகவும் போதாமலும் வந்தன என்பது என் பக்கம் நகர்த்தும். இரண்டையும் எடைபோட என்னிடம் தராசு இல்லை.

வைகைக்கரை (மறுமொழி 13)

தொடக்கப் பதிவில் "முதன்மைக் காரணம்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். "உடன் காரணம்" என்று மாற்றிப் படிக்கவும்; பதிவைத் திருத்தினால் கீழே உள்ள மறுமொழிகள் பொருளற்றுப் போகும் என்பதால் அப்படியே விட்டுவைக்கிறேன். ஆனால் எந்த வரிக்காக இந்த இழையைத் தொடங்கினேனோ, "எவரும் வாங்காமல் இருந்ததில்லை" என்ற அந்த வரிக்கு, எண்ணிக்கையின் கணக்கிலேயே குறைந்தது சில லட்சம் பேராவது மறுப்பாக இருக்கக்கூடும்.

கீழைக்காற்றுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவின் கணினி 2019 வரை இருந்தது என்றீர்கள். அதற்குப் பிறகு அவர் புதிது வாங்கினாரா, வாங்கியது எதனால் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கீழைக்காற்று (மறுமொழி 14)

கேட்டேன். வாங்கினார். பழையதன் கீல் உடைந்துவிட்டதாம்.